அந்தப் பலகையைக் கழற்றுங்கள்: மருத்துவமனை அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டில், எங்கள் வட்டாரத்து அறக்கட்டளை மருத்துவமனையை நடத்திவரும் ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

உங்கள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே போன மாதம் ஒரு பலகை மாட்டினீர்கள். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து. "போதை மாத்திரைகள் இங்கு வழங்கப்படுவதில்லை. கேட்டு வற்புறுத்த வேண்டாம். இப்படிக்கு நிர்வாகம்." பலகை ஏறிய அன்றே வியாழக்கிழமை தோறும் நடந்துவந்த வலி நிவாரணப் பிரிவும் மூடப்பட்டது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்தை வைத்திருக்க வாங்கிய அங்கீகாரமே இனி வேண்டாம் என்று குழு தீர்மானம் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் அரசுப் பணியில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவள். அதைவிட முக்கியமாக, உங்கள் வியாழக்கிழமைப் பிரிவில் ஏழு மாதம் மருந்து வாங்கிய ஒரு நோயாளியின் மகள். இந்த இரண்டு உரிமையிலும் எழுதுகிறேன். உங்களில் சிலரிடம் நேரில் பேசிப் பார்த்தேன். "நல்ல பேரோடு இருக்கிற ஆஸ்பத்திரி, நமக்கெதுக்கு வம்பு" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இதை ஊரறிய எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்கள் ஆத்தாவுக்கு 78 வயது. பதினாறு வயதில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் போட்டவர். பித்தளை வெற்றிலைப் பெட்டி அவருடைய இன்னொரு கை மாதிரி. வலது கன்னத்தின் உள்ளே ஆறாத புண்ணாக ஆரம்பித்தது. மதுரையில் காட்டியபோது தாடை எலும்புக்குள் போய்விட்டது என்றார்கள். அறுக்கவும் வழியில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

வாய்ப் புற்றின் வலியை அருகிலிருந்து பார்க்காதவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். வளவுக்குள் யாராவது சொம்பைக் கீழே வைத்தால், அந்தச் சத்தம் அவர் காதுக்குள் போய்க் குத்தும். எச்சில் விழுங்கப் பயந்து துணியில் ஒற்றி ஒற்றி எடுப்பார். பாராசிட்டமால் கேட்கவில்லை. டிரமடால் பத்து நாள் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. இரவு இரண்டு மணிக்கு முகப்புத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றவரைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். அந்தத் தேக்குத் தூணில் எண்ணெய்ப் பிசுக்காக அவர் நெற்றிபட்ட இடம் இன்னும் தெரிகிறது. துடைக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் உங்கள் வியாழக்கிழமைப் பிரிவுக்கு வந்தோம். டாக்டர் நிதானமாக விசாரித்துவிட்டு 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை எழுதினார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று ஒவ்வொன்று, இரவு பத்து மணிக்கு மட்டும் இரண்டு. வாரத்துக்கு 42 மாத்திரை. மலச்சிக்கல் வரும் என்று அதற்கு முன்னெச்சரிக்கையாக ஒரு மருந்தும் கொடுத்தார். முதல் மூன்று நாள் ஆத்தா அசதியாகத் தூங்கிக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் காலை நான் அடுப்படியில் இருக்கிறேன், வாசலிலிருந்து அவர் குரல். என் பேத்தி போட்ட கோலத்தில் புள்ளி தவறிவிட்டது என்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். பல வாரமாக வாயைத் திறக்கவே அஞ்சியவர்.

சட்டமும் உங்கள் பலகையும் "போதை" என்று சொல்லும் பொருள் எங்கள் வீட்டில் செய்த வேலை இதுதான். அவருக்கு அதில் கிறக்கம் இல்லை, மிதப்பு இல்லை. கணக்குப் பார்த்தார், பால்காரரிடம் சண்டை போட்டார், கஞ்சியில் உப்பு குறைந்தால் சொன்னார். ஏழு மாதம் அப்படி இருந்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு போனார்.

முந்தின நாள்தான் அந்த வாரத்து 42 மாத்திரையை வாங்கி வந்திருந்தோம். எட்டு செலவாகியிருந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் மீதி 34 மாத்திரையை எடுத்துக்கொண்டு உங்கள் ஜன்னலுக்கு வந்தேன். மருந்தாளுநர் தம்பி அட்டைகளை என் முன்னாலேயே பிரித்து எண்ணினார், பதிவேட்டில் எழுதினார், என்னிடம் கையெழுத்து வாங்கினார், தானும் போட்டார். 34. அந்தப் பதிவேடு உங்கள் மருத்துவமனையில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். ஒரு மாத்திரைகூட ஊருக்குள் கசியாமல் ஒரு முறை எப்படி நடக்க வேண்டுமோ, அப்படி அது நடந்துகொண்டிருந்தது.

இனி பலகைக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். ஆத்தங்குடிக் கல் என்கிற பூப்போட்ட தரைக்கல் ஊற்றுகிறவர். கண்ணாடி மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையைக் கை நடுங்காமல் ஊற்றிப் பூப் போடுகிற வேலை. 52 வயது. புற்று இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. ஐந்து மாதமாக உங்களிடம் மார்ஃபின் வாங்கிவந்தார். அந்த வியாழன் அவர் மனைவி சீட்டோடு வந்திருக்கிறார். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். திரும்பி வந்துவிட்டார்.

"யார்கிட்டயாவது கேட்டியாம்மா?" என்றேன்.

"இல்ல ஆச்சி. போதை மாத்திரைன்னு எழுதியிருக்கு. நாலு பேர் நிக்கிற இடத்துல நான் எப்படி அதைக் கேப்பேன்?"

ஐயா, ஆச்சி, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல் முழுவதும். ஐந்து மாதமாக மருந்து வாங்கியவர், பலகை மாட்டிய பத்தாவது நிமிடத்தில் கள்ளச் சரக்கு கேட்டு வந்தவர் போல ஆக்கப்பட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் நான் அங்கே போனேன். அவர் கட்டிலில் இல்லை. தன் கையால் ஊற்றிய தளத்தில் குப்புறப் படுத்து, குளிர்ச்சிக்காகக் கன்னத்தைக் கல்லில் வைத்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி, வயிற்றுப்போக்கு, கைமயிர் சிலிர்த்து நிற்கிறது. இதற்கெல்லாம் மேலே பழைய வலி. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா, அடிமையாயிட்டாரு. ஆஸ்பத்திரியில நிறுத்துனது நல்லதாப் போச்சு."

அது அடிமைத்தனம் இல்லை. வாரக்கணக்கில் மார்ஃபின் எடுத்த எந்த உடம்பும், ஒரே நாளில் நிறுத்தினால் அப்படித்தான் துடிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும், அவற்றைச் சாப்பிடுகிறவர்களை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. கேடு தெரிந்தும் மனம் அந்தப் பொருளையே தேடி ஓடுவது, அதற்காகப் பொய்யும் திருட்டும் செய்வது, வேலையும் குடும்பமும் பின்னால் போவது, இவைதான் அடிமைத்தனத்தின் அடையாளம். அந்தக் கல் ஊற்றுகிறவர் கேட்டதெல்லாம் புரண்டு படுக்க முடிகிற அளவுக்கு நிம்மதி. படிப்படியாகக் குறைக்காமல் ஒரே நாளில் நிறுத்தியது மருத்துவ முறைப்படியே தவறு. அந்தத் தவறை அவர் செய்யவில்லை, உங்கள் தீர்மானம் செய்தது.

உங்களுக்கு ஏன் அந்தப் பயம் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நம் வட்டாரத்தில் ஒரு கடையில் சீட்டில்லாமல் வலி மாத்திரை விற்றுப் பிடிபட்டார்கள். வாங்கியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள், அதை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். அந்தப் பையன்களின் அம்மாக்களையும் நான் பார்த்தேன். அதைச் சிறிய விஷயம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாத்திரை உங்கள் ஜன்னல் வழியாகப் போகவில்லை. சீட்டும் இல்லாமல் பதிவேடும் இல்லாமல் பின்வாசல் வழியாகப் போனது. பின்வாசல் திறந்திருந்ததற்காக நீங்கள் முன்வாசலை அடைத்துவிட்டீர்கள்.

எல்லாக் குழப்பமும் "போதை" என்ற அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. சாராயமும் போதை, கஞ்சாவும் போதை, தூக்க மாத்திரையும் போதை, இப்போது புற்றுநோயாளியின் மாத்திரையும் போதை. சட்டம் அவ்வளவு மொத்தையாகப் பேசுவதில்லை. அதற்கென்று சில கணக்குகள் உண்டு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி குறையும் என்று நம்புகிறேன்.

1985-இல் வந்த என்டிபிஎஸ் சட்டம், அதாவது நாட்டின் போதைப்பொருள் சட்டம், பொருட்களை இரண்டு பெரிய கூடைகளில் போடுகிறது. ஒன்று நார்காடிக். அபினி, அதிலிருந்து வரும் மார்ஃபின், ஹெராயின், கோகோ இலை, கோகெயின், கஞ்சா எல்லாம் அதில் அடக்கம். மற்றது சைக்கோட்ராபிக், மனத்தைப் பாதிக்கும் பொருட்கள் என்று ஒரு நீண்ட பட்டியல். இந்தப் பிரிவினை மருத்துவப் பாடத்திலிருந்து வரவில்லை. 1961-இலும் 1971-இலும் உலக நாடுகள் செய்துகொண்ட இரண்டு உடன்படிக்கைகளின் வரலாற்றிலிருந்து வந்தது. பெரும்பாலும் செடியிலிருந்து வந்த பழைய பொருட்கள் முதல் உடன்படிக்கையில், ஆய்வுக்கூடத்தில் பிறந்த புதியவை இரண்டாவதில்.

உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்தக் கூடைகள் பொருந்தவே பொருந்தா. நார்காடிக் என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் மரத்துப்போதல் என்று பொருள். அந்தக் கூடையில் இருக்கும் கோகெயினோ மூளையை மந்தமாக விடாமல் விரட்டுகிற கிளர்ச்சிப் பொருள், மார்ஃபினுக்கு நேர் எதிர். சைக்கோட்ராபிக் பட்டியலில் இல்லாததைக் காட்டும் எல்எஸ்டியும் இருக்கிறது, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் டாக்டர்கள் எழுதும் டயஸிபாமும் அல்பிரசோலாமும் இருக்கின்றன. வலி குறைக்கிற, ஓபியாய்டு (அபினி வகைப் பொருள்) பழக்கத்திலிருந்து மீளவும் கொடுக்கப்படுகிற பியூப்ரெனார்ஃபின், மார்ஃபினின் நெருங்கிய உறவு. அது மார்ஃபினோடு இல்லாமல் இரண்டாவது கூடையில் கிடக்கிறது. ஆத்தா பத்து நாள் சாப்பிட்ட டிரமடாலும் ஓபியாய்டுதான். 2018-இல் அதுவும் அந்த இரண்டாவது கூடைக்குள் போனது.

இரண்டு கூடையிலும் இல்லாதவற்றையும் பாருங்கள். சாராயம் உடம்பில் செய்யும் வேலை தூக்க மாத்திரையின் வகையைச் சேர்ந்தது, மூளையையும் மூச்சையும் மந்தமாக்கும். அது இந்தச் சட்டத்திலேயே இல்லை. அதற்கு 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தனியாக இருக்கிறது, அதன் கீழேதான் 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. புகையிலையின் நிகோடினும் மூளையைப் பிடிக்கும் பொருள்தான், விடுவதற்கு மிகக் கடினமானவற்றில் ஒன்று. அதுவும் இந்தக் கூடைகளில் இல்லை. உங்கள் மருத்துவமனையின் வெளிவாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. ஆத்தாவை அழைத்து வரும்போதெல்லாம் அதைக் கடந்துதான் வந்தேன். அவர் கன்னத்தைத் தின்ற பொருள் அங்கே சரமாகத் தொங்கியது. அவர் வலியைத் தணித்த பொருளுக்குத்தான் நீங்கள் பலகை வைத்தீர்கள்.

நம் அடுப்படியிலிருந்தே ஒன்று சொல்கிறேன். தேங்காயோடு கசகசாவும் சேர்த்து அரைத்தால்தானே நம் வீட்டுக் குருமா கெட்டிப்படும். அந்தக் கசகசா அபினிச் செடியின் விதை. அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி, அந்த அபினியிலிருந்துதான் மார்ஃபின். சட்டமே விதையை மட்டும் கவனமாக விலக்கி வைத்திருக்கிறது. நாம் மளிகைக் கடையில் வாங்குவதை, துபாய்க்குக் கிளம்பும் பிள்ளையின் பெட்டியில் மட்டும் வைக்க மாட்டோம், அந்த நாட்டுச் சட்டம் விலக்கு தரவில்லை. கஞ்சாச் செடியிலும் அப்படித்தான்: பூத்த நுனியும் பிசினும் குற்றம், தனியாக எடுத்த இலையும் விதையும் இந்தச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே. ஒரே செடியில் ஒரு பாகம் உணவு, ஒரு பாகம் மருந்து, ஒரு பாகம் குற்றம் என்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது. நீங்கள் ஏன் பிரித்துப் பார்க்கக் கூடாது?

அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். என் தொழில்காரர், மருந்துக்கடையில் வேலை கற்றவர். இன்று மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபினி பயிராகிறது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. மார்ஃபினுக்கான மூலப்பொருளை நம் நாடே விளைவித்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது. அதே நாட்டில் ஆத்தங்குடிக்காரர் தரையில் புரள்கிறார்.

இந்தப் பயம் உங்களிடம் ஆரம்பித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1985 சட்டம் வந்தபோது பெரும்பாலான குற்றங்களுக்கு அளவு எவ்வளவு என்று பார்க்காமல் குறைந்தபட்சம் பத்து வருடச் சிறை என்று இருந்தது. சிறு அளவு, வணிக அளவு என்று பிரித்துத் தண்டனையை வகைப்படுத்தியது 2001-இல்தான். அதற்குள் மருத்துவமனைகள் மிரண்டுவிட்டன. மார்ஃபின் வாங்க ஒரு துறையில் ஓர் உரிமம், கொண்டுவர இன்னொன்று, வைத்திருக்க வேறொன்று. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். சட்டம் வந்த வருடம் மருத்துவத்துக்காக 500 கிலோவுக்கு மேல் மார்ஃபின் செலவான நாட்டில், 1997-இல் மொத்தமே 18 கிலோ. வலி குறைந்ததால் வந்த குறைவா அது? நானும் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவள். இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியில் மார்ஃபின் ஊசி இருக்கும்போதே, எழுத்து வேலைக்கும் விசாரணைக்கும் பயந்து "ஸ்டாக் இல்லை" என்று நோயாளியின் வீட்டாரிடம் சொன்ன நாட்கள் உண்டு. அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. அதனாலும்தான் இன்று உங்களிடம் இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறேன்.

அந்தத் தவறைச் சட்டமே திருத்திக்கொண்டது. 2014-இல் நாடாளுமன்றம் என்டிபிஎஸ் சட்டத்தைத் திருத்தி, "இன்றியமையாத நார்காடிக் மருந்துகள்" என்று ஒரு புதிய வகையையே உண்டாக்கியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள். அடுத்த ஆண்டு விதிகள் வந்தன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் வாங்கினால் போதும். பயிற்சி பெற்ற மருத்துவர் பொறுப்பில் இருக்க வேண்டும், வரவு செலவை அன்றாடம் எழுத வேண்டும், ஆண்டுக் கணக்கை அனுப்ப வேண்டும். அந்த அங்கீகாரத்தைத்தான் உங்களுக்கு முன் இருந்த குழு முயன்று வாங்கியது. 1961 உடன்படிக்கையின் முகப்புரையே, வலியையும் துன்பத்தையும் போக்க நார்காடிக் மருந்துகள் தவிர்க்க முடியாதவை, அவை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று சொல்கிறது. தடுப்பதும் கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் இரண்டு கடமைகள். நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு மாத்திரையைக் கொடுத்தனுப்பினால் வெளியே போய்விடும் என்று உங்களில் ஒருவர் சொன்னார். கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, ஏழைக் குடும்பங்களின் கையில்தான் மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்தனுப்பியது. இரண்டு வருடத்தில் 1,723 நோயாளிகள். ஒரு மாத்திரை தவறான கைக்குப் போனதாகவோ ஒருவர் தவறாகப் பயன்படுத்தியதாகவோ தெரியவரவில்லை என்று 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்கள் எழுதினார்கள். மார்ஃபின் கொடுத்தால் சாவு சீக்கிரம் வரும் என்று இன்னொருவர் சொன்னார். வலிக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக் கொடுத்தால் அப்படி வருவதில்லை. எங்கள் ஆத்தா அதைச் சாப்பிட்டுக்கொண்டு ஏழு மாதம் இருந்தார்.

கணக்குத் தொல்லை என்று மூன்றாவதாக ஒரு காரணம் சொன்னீர்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கடல் தாண்டி ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்து, மூன்று வருடக் கணக்கில் ஒரு சல்லி பிசகாமல் ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். இந்த மருத்துவமனை அந்தப் பேரேடுகளிலிருந்து பிரித்து வைத்த மகமைப் பணத்தில் நின்றது என்று முகப்புக் கல்வெட்டே சொல்கிறது. ஒரு நோயாளிக்கு வாரம் 42 மாத்திரை, மொத்தம் 420 மில்லிகிராம், அரை கிராம்கூட இல்லை. இப்போது இருக்கிறவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு வரவு எழுதி, பற்று எழுதி, இருப்பு எடுக்க ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஆகும்?

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை மனத்தில் வைத்திருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். அவர் நம் மண்ணுக்குப் பக்கத்து மண். இப்போது அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே வலி நிவாரண ஆதரவைப் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இந்த நேரத்தில் வாசலை அடைத்தவர்களாக நம் ஊர் இருக்க வேண்டாம்.

நான் கேட்பவை இவை.

அந்தப் பலகையை இந்த மடல் கிடைத்த அன்றே கழற்றுங்கள். இதற்குத் தீர்மானமோ கூட்டமோ வேண்டாம், ஒரு திருப்புளி போதும். அதற்குப் பதில் ஏதாவது எழுதத்தான் வேண்டுமென்றால், "மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் தரப்படாது" என்று எழுதுங்கள். சொல்ல வேண்டியது அதுதான், அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

ஒன்பது நோயாளிகளின் வீட்டுக்கும் இந்த வாரமே ஒரு செவிலியரை அனுப்புங்கள். யாருக்கு மருந்து நின்றுபோனது, யார் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவரச் சொல்லுங்கள். உங்களிடம் மீண்டும் மருந்து வரும்வரை மதுரையில் வாங்க முறையான கடிதமும், வாரம் ஒருமுறை மருத்துவமனை வண்டியும் கொடுங்கள். ஆத்தங்குடிக்காரரின் மனைவி இப்போது விடியற்காலை பஸ் ஏறித் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய் இருட்டியபின் திரும்புகிறார். அந்த ஒருநாள் கூலியும் பஸ் காசும் அவர்கள் வீட்டில் இரண்டு நாள் சோறு.

அங்கீகாரத்தைக் கைவிடும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்து, வியாழக்கிழமைப் பிரிவை மறுபடி திறங்கள். கைவிடும் கடிதம் ஏற்கனவே போயிருந்தால் புதிதாக விண்ணப்பியுங்கள். மருத்துவர் ஒருவரையும் செவிலியர் ஒருவரையும் பயிற்சிக்கு அனுப்புங்கள். திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி நிவாரண அமைப்பு நடத்தும் நிறுவனத்தில் அந்தப் பயிற்சி இருக்கிறது.

மருந்து தவறான கைக்குப் போகுமோ என்ற கவலைக்கு, காலி அட்டையைத் திருப்பித் தந்தால்தான் அடுத்த வாரத்து மாத்திரை என்ற ஏற்பாட்டை வையுங்கள். நோயாளி இறந்தால் மீதியை எண்ணித் திரும்ப வாங்குவதை எழுத்தில் விதியாக்குங்கள், என்னிடம் நீங்கள் வாங்கியது போலவே. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளரை நீங்களே அழைத்துப் பதிவேட்டைக் காட்டுங்கள். அவர் வரட்டும் என்று பயந்து காத்திருப்பதைவிட அது நல்லது. கூடவே, ஊசிப் பழக்கத்தில் சிக்கிய பையன்களுக்கும் வாரம் ஒருநாள் ஒரு மனநல மருத்துவரை வரவழையுங்கள். சிகிச்சை தேடி வருகிறவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பதிவேடு எழுத ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். என் மருந்தாளுநர் பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்து ஜன்னலுக்கு வந்து, வரவும் பற்றும் இருப்பும் எழுதி, பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் எழுத்தில் ஒரு பதில் வேண்டும். ஆத்தங்குடிக்காரரிடம் இருக்கும் மாத்திரை வருகிற புதன்கிழமை இரவோடு தீர்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருத்தி,
காரைக்குடி வட்டாரம்